மஞ்சள் கயிறும் மூளைப் படமும்

அத்தை,

இன்று காலை ஆயர் ஈத்தாம் சந்தையில் பச்சை மஞ்சள் வாங்கினேன். மண் ஒட்டிய கிழங்கை எடுத்ததுமே அந்த வாசனையோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். நாளைக்கு எனக்கு மறுபடியும் மூளை ஸ்கேன். பயப்படாதீர்கள், எனக்கு ஒன்றுமில்லை. இந்தமுறை ஓர் ஆராய்ச்சிக்காக நானாகவே போகிறேன்.

முதல் ஸ்கேன் அப்படியா? உங்கள் வீட்டு மருமகளாக வந்த நாள்முதல் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், ஒரு தீபாவளிக்கு முன் தூக்கமே இல்லாமல் பறக்க ஆரம்பித்தேன். முறுக்குச் சுட்டுச் சுட்டு அடுக்குமாடி முழுக்கக் கொடுத்தேன். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி, வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டார். உங்கள் தம்பி வந்தார்.

“பைத்தியம் பிடிச்சிருச்சுக்கா. பாகான் டாலாமுக்கே, அவ அம்மா வீட்டுக்கே அனுப்பிடுங்கலா.”

அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கை அன்று உங்கள் ஒரு வார்த்தையில் இருந்தது. “முதல்ல டாக்டர் பாக்கட்டும்” என்று மட்டும் சொன்னீர்கள்.

சோர்வும் இந்தப் பறத்தலும் மாறி மாறி வரும் பைப்போலாராக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. வேறு கோளாறு எதுவும் இல்லை என்று உறுதிசெய்ய ஸ்கேன் வேண்டும், உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்றார். தாலியைக் கழற்றவே மாட்டேன் என்று அடம்பிடித்தேன். நீங்கள் வாதாடவில்லை. மஞ்சள் கிழங்கை மஞ்சள் கயிற்றில் கோத்து, “கட்டுடா” என்று உங்கள் மகனிடம் நீட்டினீர்கள். அவர் அதைக் கட்டிய பிறகுதான் தங்கத்தைக் கழற்ற விட்டீர்கள். ஸ்கேன் அறையில் இருந்த மலாய்ப் பெண் குனிந்து பார்த்து, “குன்யிட்?” என்று கேட்டுச் சிரித்தாள். மஞ்சள்தான் என்று தலையாட்டினேன். உள்ளே தடதடவென்று ஒரே சத்தம். மூக்கில் மட்டும் நம் வீட்டு வாசனை.

படம் சுத்தமாக வந்தது. உங்கள் முகம்தான் வாடிப்போயிற்று. உங்கள் தம்பியின் வாயை அடைக்க, நோய் படத்தில் தெரியும் என்று நம்பியிருந்தீர்கள்.

“ஒண்ணுமே தெரியலையா டாக்டர்?”

“கட்டி, காயம் எதுவும் இல்லைம்மா. பைப்போலாரை இப்போதைக்குப் படத்தை மட்டும் பாத்துச் சொல்ல முடியாது. இவங்க எப்படி எப்படி இருந்தாங்கன்னு நீங்க சொல்லுங்க.”

நீங்கள் சொன்னீர்கள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மாதங்கள், பேச்சு நிற்காத வாரங்கள், எல்லாமே. நான் மறந்தவையும் அதில் இருந்தன. கடைசியில், “பறக்குறதுக்கு முன்னால டீயை நின்னுக்கிட்டே குடிப்பா. உக்காரவே மாட்டா” என்றீர்கள். என்னை ஒருவர் இவ்வளவு கவனித்திருக்கிறாரா என்று அழுகை வந்துவிட்டது. அன்று மாத்திரை மாறியது. மெல்ல மெல்ல நானும் தேறினேன்.

உங்கள் தம்பி மறுபடியும் வந்தபோது படத்தைச் சமையலறை ஜன்னலில் வைத்துக் காட்டினீர்கள். தலைகீழாகத்தான் பிடித்திருந்தீர்கள்.

“பாத்துக்கடா, சுத்தமா இருக்கு. அவளுக்கு இருக்குறது பைப்போலார், மருந்து இருக்கு. உன் மூளைய எப்பவாச்சும் படம் எடுத்துப் பாத்துருக்கியா?”

அதற்குப் பிறகு பாகான் டாலாம் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

இந்த ஆராய்ச்சியில், சாதாரண மனச்சோர்வையும் பைப்போலாரையும் படங்களை வைத்துச் சீக்கிரமே பிரித்தறிய முடியுமா என்று பார்க்கிறார்களாம். அதற்குத்தான் நாளைக்குப் போகிறேன். என்னைப்போல் பொருந்தாத மாத்திரையில் வருடங்களைத் தொலைக்காமல் யாராவது ஒருத்தி தப்பித்தால் போதும். கயிற்றைக் கட்ட உங்கள் மகன் இருக்கிறார். மூன்று முடிச்சுப் போட இன்னமும் திணறுகிறார்.

நீங்கள் போன பிறகு வந்த தீபாவளிக்கு முன், நான் டீயை நின்றுகொண்டே குடிப்பதைக் கவனித்தேன். உங்கள் குரல் கேட்டதுபோல் இருந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். பறக்காமலே பண்டிகை நன்றாகக் கழிந்தது.

இதையும் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், அத்தை. பக்கத்தில் டீ இருக்கிறது.