இடது கைக்கு என்ன வேலை

9.6.99, புதன்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்கேயாவது எழுதுகிறேன்.

காலையிலேயே அனல். ஆம்பூரிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. கம்பியைப் பிடிக்க முடியாதவனுக்கு எவன் எழுந்து இடம் கொடுத்தான்?

முடக்குவாதம் இரண்டு மணிக்கட்டையும் தின்றுவிட்டது. வலதைப் போன வருடமே எலும்போடு எலும்பு சேர்த்து நேராக நிறுத்தியாயிற்று. வலி இல்லை. மடங்கவும் மடங்காது. இப்போது இடது. ஆபரேஷன் 21ஆம் தேதி.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயது. "நேரா வேணுமா, கொஞ்சம் மடக்கி வேணுமா, இப்பவே சொல்லணும் சார். அப்புறம் மாத்த முடியாது. இடது கையால என்ன வேலை செய்வீங்க?"

நான் வாய் திறக்குமுன் எஸ்தரின் தம்பி ஜெயராஜ்: "மாமாவுக்கு லெஃப்ட்ல இன்னா வேலை டாக்டர்? பேனா ரைட்ல, சோறு ரைட்ல. லெஃப்ட் சும்மா தொங்குது."

நர்ஸுகள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். கல்யாணத்தன்றிலிருந்தே என் பதிலையெல்லாம் இவன்தான் சொல்கிறான்.

இடது கையை நேராக வைத்துக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். சனி வரை கழற்றாமல் பழகிப் பார்க்கவேண்டுமாம்.

10.6.99

கக்கூஸ். மடங்காத இரண்டு கை, ஒரு மக் தண்ணீர். எப்படித் திரும்பினாலும் எட்டவில்லை. கட்டைப் பல்லால் அவிழ்த்து, வலியோடு மடக்கிக் கழுவி, மறுபடி சுற்றிக்கொண்டேன். வெளியே எஸ்தர்: "ஏங்க, உள்ளயே தூங்கிட்டீங்களா?"

சட்டைப் பொத்தான் அவள்தான் போடுகிறாள். தலை வாரி விடுகிறாள். "எல்லாந்தான் நான் செய்றேன், இன்னும் இன்னா பாக்கி?" என்று சிரிப்பு.

பாக்கி இருக்கிறது. அதை மட்டும் அவள் கையில் விடமாட்டேன்.

தோல் கம்பெனிக்கு இருபது வருடம் இங்கிலீஷ் கடிதம் எழுதினேன். கை போனதும் ஒரு பயல் எட்டிப் பார்க்கவில்லை.

12.6.99, சனி

வாங்கவேண்டியது: மாத்திரை, தபால் கவர், பல்பு.

டாக்டர்: "கட்டைக் கழட்டவே இல்லையே? கஷ்டம் ஏதாவது?"

ஒரு பக்கம் ஜெயராஜ், ஒரு பக்கம் எஸ்தர், முதுகுக்குப் பின்னால் வரிசை. "கழட்டலை. கஷ்டமே இல்லை."

"அப்ப நேராவே வச்சிடலாம்." எழுதிக்கொண்டார். இவ்வளவு படித்தவருக்குத் தானாகத் தோன்ற வேண்டாமா? அவர் மட்டும் எந்தக் கையால் கழுவுகிறாராம்?

14.6.99, திங்கள்

மழை வரும்போல். வரவில்லை.

டாக்டரம்மாவுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். இங்கிலீஷில் நாகரிகமான சொல் தேடி மூன்று தாள் வீண். கடைசியில் தமிழ்:

"21ஆம் தேதி இடது மணிக்கட்டு ஆபரேஷன் ஆகிறவருக்கு நேராக வைக்கவேண்டாம். உள்ளங்கைப் பக்கம் சற்று மடக்கி வைக்கவும். மலம் கழித்தபின் கழுவ அவருக்கு அந்தக் கை ஒன்றுதான். தினமும் காலையில் கட்டைக் கழற்றினார். சொல்லக் கூச்சப்படுகிறார்."

அன்றைக்கு இடது மணிக்கட்டு நான் ஒருவன்தான். ஆஸ்பத்திரிப் படிவமெல்லாம் நிரப்பிய இந்தக் கோணல் எழுத்தும் அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரியட்டும், என் முகத்தைப் பார்த்து மட்டும் கேட்காமல் இருந்தால் சரி.

எஸ்தரிடம் கொடுத்தால் யாருக்கு என்பாள். நானே போய்ப் பெட்டியில் போடுகிறேன். கையெழுத்துப் போடவில்லை.