காது நன்றாகவே கேட்கிறது

7 மார்ச் 1999, சித்தூர்

நியூஜெர்சியிலிருந்து மகள் ஸ்ரீஜா பேசினாள். பேத்தி யமுனாவுக்கு மறுபடி வலிப்பு. இடது கையை இரண்டு நாள் தூக்கவே முடியவில்லையாம். ஏழு வயது. லைன் சரியில்லை, பாதிதான் புரிந்தது. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டை மூன்று தலைமுறை விசாரித்தேன். எதையோ மறைத்திருக்கிறார்கள்.

12 மார்ச்

சர்க்கரை 210. காபிக்குக்கூடச் சர்க்கரை போடுவதில்லை. பிறகு ஏன்?

18 மார்ச்

திருப்பதியில் ஓர் உபநயனம். பந்தியில் எல்லோர் எதிரிலும் சம்பந்தி ஸத்யபாமாவைக் கேட்டேன்: "உங்காத்துல யாருக்கு வலிப்பு? முன்னாடியே சொல்லியிருக்கலாமே." ஏதோ சொன்னாள். இரைச்சலில் விழவில்லை. கேட்டதில் தவறில்லை.

4 ஏப்ரல்

தணிகாசலத்தின் எஸ்.டி.டி. பூத்துக்கு மாப்பிள்ளை பிரஹ்லாத்தின் ஃபேக்ஸ். உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் உணவைச் சக்தியாக்க மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று உண்டாம். யமுனாவுக்கு அதுவே பழுது என்று சந்தேகம். ரத்த முடிவு வர ஆறு வாரம். அப்படியானால் இப்போது கொடுக்கும் வலிப்பு மருந்தே அவளுக்கு ஆபத்து. மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து மட்டுமே வருமாம். ஸ்ரீஜாவின் அம்மாவுக்குச் சர்க்கரையும் காது மந்தமும் உண்டா என்று டாக்டர் கேட்கிறார். இருந்தால் ரத்த முடிவுக்குக் காத்திராமல் மருந்தை மாற்றிவிடுவாராம்.

மாலையில் ஸ்ரீஜாவும் போனில் அதையே கத்திக் கேட்டாள். சர்க்கரை யாருக்குத்தான் இல்லை என்றேன். காது நன்றாகவே கேட்கிறது என்றேன்.

5 ஏப்ரல்

கோத்திரம், பிரவரம், எல்லாம் அப்பா வழி. அம்மா வழியை யார் விசாரித்தார்கள்? என் அம்மா நாற்பத்தைந்தில் முழுச் செவிடு. அக்காவும். எவ்வளவு சுலபமா பொய் வந்துடுத்து எனக்கு? குழந்தை அந்த மருந்தைன்னா சாப்பிட்டுண்டிருக்கு —

மாலை

பூத்திலிருந்து ஸ்ரீஜாவுக்குப் பேசினேன். "எனக்குக் காது கேக்காது, இருபது வருஷமா. என் அம்மாவுக்கும் அக்காவுக்கும் அப்படித்தான்." காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவா பேசுங்கம்மா, அவங்களுக்கு நல்லா கேக்குது" என்றார் தணிகாசலம். அவள் பதில் எனக்கு விழவில்லை. ரிசீவரை வாங்கி, பில்லின் பின்பக்கம் எழுதிக் காட்டினார்: இப்பவே டாக்டரிடம் சொல்கிறாளாம். பிறகு பேனாவை நிறுத்தினார். "அழுதுக்கினு இருக்காங்க. அதையும் எழுதட்டுமா?"

6 ஏப்ரல்

மருந்தை மாற்றிவிட்டார்கள்.

20 மே

ரத்த முடிவு வந்தது. அதுவேதான். மருந்து மாற்றிய பின் வலிப்பு ஒரே முறை. கை இன்னும் பலவீனம். இதைக் குணமாக்க மருந்தில்லை என்கிறார்கள். ஸத்யபாமாவுக்குக் கடிதம் எழுதினேன். மூன்று முறை கிழித்து, நான்காவதைத் தபாலில் போட்டேன்.

2 ஜூன்

வேலூரில் காதுப் பரிசோதனை. ஸத்யபாமா துணைக்கு வந்தாள். கடிதத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. குடும்பத்தில் இந்த நோய் யார் யாருக்கு என்று படிவத்தில் ஒரு கட்டம். அம்மா பெயர், அக்கா பெயர், என் பெயர், யமுனா. ஸ்ரீஜா பெயரை எழுதக் கொஞ்சம் நேரமாயிற்று.

ஸத்யபாமா என் வலது காதருகே குனிந்தாள்.

"எங்காத்து மனுஷா யாராவது விட்டுப்போயிருக்காளா, நன்னாப் பாருங்கோ மாமி."

ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.