வண்டிக்குள்ள வேண்டாம்

கருங்கல்
நவம்பர் 16, சனிக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு ரெஜிலா எழுதுவது,

நானும் ஜினியும் மாமியும் சுகம். நீங்களும் அங்கே சுகமாக இருக்க ஆண்டவர் துணை செய்வாராக.

வாட்ஸ்அப் இருக்கும்போது இவளுக்கு என்ன கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் மாமி ஸ்பீக்கரில் போடச் சொல்லுவார்கள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அது உங்கள் வண்டிக்குள் சத்தமாகப் பாடும். போன மாதம் ஜினிக்கு மூச்சு இழுப்பு வந்த அன்று நான் அழுதுகொண்டே அனுப்பியதை உங்களோடு வரும் நர்ஸ் ஸ்மிதாவும் கேட்டு, பாவம் என்றாராம். நீங்களே சொன்னீர்கள். என் அழுகையை உங்கள் முன் சீட்டில் இருந்து இன்னொருத்தி கேட்க வேண்டாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். நம் பக்கத்து வீட்டு பெனிஷ் லீவு முடிந்து திங்கள்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான். ஏத்தங்காய் வற்றலுக்கும் கருவாட்டுக்கும் நடுவில் இதை வைத்து அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

இங்கே மழை விட்டபாடில்லை. ரப்பர் வெட்டு நின்று பத்து நாள் ஆகிறது. மாமிக்கு முழங்கால் வலி பரவாயில்லை. கோயிலுக்கு நடந்தே போய் வருகிறார்கள். ஜினிக்கு இந்த மாதம் இழுப்பு ஒரு தடவைதான் வந்தது. தூசியும் புகையும் மட்டும் ஆகாது என்றார் டாக்டர். தூசிக்கு நான் இரண்டு நேரம் தரை துடைக்கிறேன். புகை இப்போது மஸ்கட்டில் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் வீடியோவில் பேசும்போது, உங்கள் வண்டியில் வேலைக்கு வரும் அந்த மலையாளி நர்ஸ் ஸ்மிதாவைப் பற்றிச் சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அவருக்குப் புகை பிடிக்காது, அதனால் இப்போது வண்டிக்குள்ள வலிக்கியதில்ல என்றீர்கள். நம் ஊரில் சிகரெட் குடிப்பதை வலிப்பது என்றுதானே சொல்லுவோம். அடுக்களையில் நின்ற மாமியின் காதில் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது. எனக்க மோன் வலிக்கியத விட்டுட்டான், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று கண்ணீர் விட்டு அழுதார்கள். முழுசாக விடவில்லை மாமி, வண்டிக்குள் மட்டும்தான் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

போன ஞாயிறு ஆராதனையில் போதகர் ஸ்தோத்திரக் காணிக்கைச் சீட்டு வாசித்தார். நேசம்மாள் குடும்பத்தார், மகன் ஜெபசிங் மருமகளின் ஜெபத்தால் புகைப் பழக்கத்தை விட்டதற்காக என்று மைக்கில் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. யாருடைய ஜெபம்? நான் ஆண்டவரிடம் உங்கள் விசாவுக்காக அழுதிருக்கிறேன், ஜினிக்காக அழுதிருக்கிறேன். சிகரெட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆராதனை முடிந்ததும் பெண்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எப்படிப் பிள்ளே சாதிச்ச, எனக்க மாப்பிள்ளைக்கும் சேத்து ஜெபம் பண்ணு என்றாள் ஒருத்தி. பெண்கள் சங்கத்துத் தலைவி ஞானசெல்வி டீச்சர், அடுத்த ஞாயிறு நீ சாட்சி சொல்லணும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த அடுத்த ஞாயிறு நாளைக்குத்தான்.

யாரோ செய்ததற்கு என் கழுத்தில் மாலை. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒளிக்காமல் எழுதுகிறேன், எனக்குப் பொறாமை. அந்த வீடியோவில் ஒரு மிட்டாய் டப்பாவைத் தூக்கிக் காட்டினீர்கள். வெளியே நின்று வலித்தாலும் சிகரெட் துண்டைக் கீழே போடாமல் அதில் போட்டு மூடி, குப்பைத் தொட்டி வரும்வரை வைத்திருப்பீர்களாம். அந்த டப்பா ஸ்மிதா தந்ததாம். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி முகம் உங்களுக்கு. ஒன்பது வருடம் நம் வீட்டுச் செம்பருத்திச் செடியின் மூட்டில் கிடந்த துண்டுகளை யார் கூட்டி வாரினார்கள்? நடக்கப் பழகிய ஜினி அதில் ஒன்றைப் பொறுக்கி, அப்பாவுக்க சாக்பீஸ் என்று சுவரில் எழுதினாளே, அன்றைக்கு நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

தேங்காய்ப்பட்டணம் ரோட்டில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நீங்கள் ஜன்னல் வழியே சுண்டிய துண்டு, ஓரமாகப் போன மீன்காரி அக்காவின் பெட்டியில் விழுந்தது. முக்கில் வண்டி நின்றதும் வந்து பிடித்துக்கொண்டார். ஏலே, எனக்க மீன் பெட்டி உனக்குக் குப்பைத் தொட்டியாலே என்று அவர் கேட்க, நீங்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டீர்கள். நான்தான் இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டேன். நீ என்னத்துக்குக் கேக்குத மக்கா, அவனுக்கு வாய் இல்லியா என்றார். பொரிகிற வெயிலில் மானம் போய் நின்றேன்.

என் தம்பி கல்யாணத்தில் வேறு கதை. நீங்கள் முன்னால் வீசியது காற்றில் திரும்பிப் பின் ஜன்னல் வழியாக வந்து என் பட்டுச்சேலையில் விழுந்து ஓட்டை போட்டது. ஒரு பொட்டு மாதிரித்தானே இருக்கு ஏட்டி, அழகுதான் என்றீர்கள். கல்யாண வீட்டில் முழு நேரமும் அந்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டே நின்றேன்.

பின் சீட்டில் இருந்து நான் எத்தனை தடவை இருமினேன்! சேலைத் தலைப்பால் ஜினியின் மூக்கை மூடினேன். ஏசி ஓடும்போதே ஜன்னலை இறக்கினேன். கறண்டு வீணாகுதது மாதிரி ஏசி வீணாகுது, கண்ணாடிய ஏத்து என்றீர்கள். ஏற்றினேன்.

நீங்கள் முன்பு அனுப்பிய வண்டிப் போட்டோவில் ஸ்மிதாவை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன் என்றால் சிரிப்பீர்கள். தெளிவாக இல்லை. மனசு கேட்காமல் பெனிஷிடம் சுற்றி வளைத்து விசாரித்தேன். அந்தச் சேச்சிக்கு ரிட்டயர் ஆகப்போற வயசு அக்கா, பேரப்பிள்ள இருக்கு என்றான். நியாயமாக அதோடு எனக்கு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை, கூடிவிட்டது. இளம்பெண் என்றால் ஆம்பளைப் புத்தி என்று திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். ஒரு வயதான மனுஷி ஒரு தடவை கேட்டார், நீங்கள் கொடுத்தீர்கள், அவ்வளவுதான் என்றால் நான் எங்கே போவது?

அவர் என்ன கேட்டார் என்று அன்றைக்கே உங்களிடம் கேட்டேன். சேட்டா, வண்டிக்குள்ள வேண்டா என்றாராம். நீங்கள், சரி சேச்சி என்றீர்களாம். பிறகு என்னைப் பார்த்து, நீ ஒருநாளும் சொல்லலியே ஏட்டி என்றீர்கள். அந்த ஒரு வார்த்தை மூன்று வாரமாக என் நெஞ்சில் கிடந்து குத்துகிறது.

நவம்பர் 17, ஞாயிறு மாலை

கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

இன்று சாட்சி சொல்ல எழுந்தேன். எங்க வீட்டுக்காரர் வலிக்கியத விடல்ல, வண்டிக்குள்ள மட்டும்தான் நிறுத்தினாரு. அதுவும் எனக்க ஜெபம் இல்ல, மஸ்கட்டுல ஒரு நர்ஸ் சேச்சி வேண்டாம்னு சொன்னாங்க. எனக்க பிள்ளைக்கு மூச்சு முட்டினப்பகூட நான் ஒரு தடவ வேண்டாம்னு சொல்லல்ல, அதுதான் எனக்க சாட்சி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினார். வெளியே வந்தபோது இரண்டு பெண்கள் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

மாமி வழி முழுக்க எனக்கு முன்னால் தனியாக நடந்தார்கள். மத்தியானம் சோறும் சரியாகச் சாப்பிடவில்லை. பொங்கித் தீர்ப்பார்கள் என்று பயந்துகொண்டே இருந்தேன். நான்கு மணிக்கு ஷெட்டுக்குப் போய், மூடி வைத்திருக்கும் நம் காரைத் திறந்தார்கள். முன் சீட்டில் தனக்கென்று விரித்து வைத்திருப்பார்களே ஒரு நீலத் துண்டு, அதை எடுத்துத் துவைத்து, அயைக் கொடியில் போட்டார்கள். பிறகு என்னிடம், கிறிஸ்மஸுக்கு அவன் வந்தா நீ முன்னால இரு, நான் பிள்ளையோட பின்னால இருக்கேன் என்று மட்டும் சொன்னார்கள்.

இன்றைக்கு மழை விட்டு வந்த வெயிலில் அந்தத் துண்டைப் பிடித்துப் பார்த்தேன் அத்தான். அதில் மூன்று ஓட்டை இருக்கிறது. எல்லாம் நெருப்பு விழுந்த ஓட்டை. மாமியும் ஒருநாளும் உங்களிடம் சொன்னதில்லை.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் குலசேகரத்தில் எங்கள் வீட்டுக்குப் போவோம். நான் முன் சீட்டில் இருப்பேன். ஊர் தாண்டியதும் உங்கள் கை சட்டைப் பாக்கெட்டுக்குப் போகும், எனக்குத் தெரியும். அப்போது நான் சொல்லப் போகிறேன். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லியும் பார்த்துவிட்டேன். அத்தான், வண்டிக்குள்ள வேண்டாம். வலித்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஓரமாக நிறுத்துங்கள், இறங்கி வலித்துவிட்டு வாருங்கள், நானும் பிள்ளையும் மாமியும் எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருக்கிறோம். அந்த மிட்டாய் டப்பாவையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். யார் தந்தது என்று நான் கேட்க மாட்டேன்.

நான் சொன்னதும் சிரித்துவிடாதீர்கள். ஏட்டி உனக்கும் தொடங்கியாச்சா என்றும் கேட்டுவிடாதீர்கள். அந்தச் சேச்சியிடம் சொன்னீர்களே ஒரு சரி, அதை நான் என் காதால் இதுவரை கேட்டதில்லை. எனக்கும் ஒரு தடவை அதே மாதிரி சொல்லுங்கள் அத்தான்.

கர்த்தர் உங்களை நல்ல சுகத்தோடு வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
இதுவரை பின் சீட்டில் இருந்த உங்கள்
ரெஜிலா