தையலுக்கு விட்ட வாய்க்கால்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். நீயும் பாப்பாவும் சுகமா? என் அம்மாவுக்கு இருமல் நின்றதா?

துணி தைக்கக் கொடுக்க ஆளே வராமல் நம் தையல் கடையை மூடினோமே, அப்படி வேலை போனவர்களுக்காகத்தான் அரசாங்கம் இந்த வாய்க்காலை வெட்டுகிறது. கூடாரம் ஒழுகவில்லை. சாப்பாட்டுக்கும் குறைவில்லை.

நேற்று ஒரு கூத்து. கிளை வாய்க்காலுக்குக் கோடு போடச் சொன்னார்கள். போட்டு, வெட்டியும் முடித்தேன். மேஸ்திரி அளவுக் கழியை உள்ளே வைத்தால் இருபுறமும் இரண்டு விரல் இடைவெளி!

"எதுக்குய்யா கூட வெட்டின?"

"தையலுக்கு விட்டேங்க."

துணி வெட்டும்போது தையலுக்கென்று ஓரத்தில் கூட விடுகிற பழக்கம், வாய் தவறி வந்துவிட்டது. வீட்டுக்கு அனுப்பிவிடுவாரோ என்று பயந்தேன். அவரோ விழுந்து விழுந்து சிரித்தார். "வாய்க்கால் என்ன, துவைச்சா சுருங்கிடுமா?"

கூட வெட்டியதை நானே மண் போட்டு அடைத்தேன்.

ஊசியும் வெள்ளை நூலும் அனுப்பு. இங்கே எல்லார் சட்டையும் கிழிசல். எனக்கும் பொழுது போக வேண்டுமே. தபால்காரர் பையைக் கட்டுகிறார், முடிக்கிறேன். பாப்பா கவுனில் வளர்த்திக்கென்று மடித்துத் தைத்திருந்தேன் அல்லவா? குட்டையாகிவிட்டால் எனக்காகக் காத்திருக்காதே, பிரித்துவிடு. எத்தனை விரல் பிரித்தாய் என்று மட்டும் எழுது.

உன் தையல்காரன்