மாமியாருக்கு எழுதிய குளிசை

உடுவில்,
வியாழன் காலை.

அன்பு மகள் தயாளினிக்கு,

நீயும் மருமகனும் அந்தக் குளிரில் நோய்நொடியின்றி இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் வழக்கம்போல் கை போனது, பொய்யாகிவிடும் என்று விட்டுவிட்டேன். கதைக்காமல் எழுதுவதற்குக் காரணம், போனில் நான் ஒரு வசனத்தை முடிக்க முன் நீ மூன்று சொல்லிவிடுவாய். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன், மூன்றாவதை உன் தம்பி சிவரூபன் படம் பிடித்து அனுப்புவான், ஆறுதலாகப் படி. எனக்கு உன்மேல் கோபம். கோபப்பட எனக்கு உரிமை இருக்கிறதா என்று மூன்று நாள் யோசித்தேன், இருக்கிறது என்றுதான் முடிவு வந்தது.

சனிக்கிழமை நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன், உனக்கு எல்லாம் துண்டு துண்டாகத்தான் வந்திருக்கும். தம்பியின் மகள் தக்சாயினி காலையில் நான்கு தரம் சத்தி எடுத்தாள், குடித்ததெல்லாம் வெளியே வந்தது. தாய் சுவர்ணா ஜீவனி உப்புத்தூளைக் கரைத்துக் கரண்டி கரண்டியாகப் பருக்கிக்கொண்டிருந்தாள், பிள்ளை சோர்ந்து கிடந்தாலும் கதைத்துக்கொண்டுதான் கிடந்தாள், சிறுநீரும் வழக்கம்போல் போனது. அந்த நேரம் பார்த்து நீ வீடியோவில் வந்தாய். தைமாதம் ஊருக்கு வந்த சிவகௌரியிடம் கொடுத்துவிட்ட சாமானுக்குள் சத்திக்குக் குளிசை இருக்கு, பாதியை இப்ப குடுங்கோ, பாதியை மத்தியானம் குடுங்கோ என்றாய். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமோ என்று கேட்டேன். ஐயோ அப்பா, உங்களுக்குப் பனடோலுக்கும் பயம், நான் வயோதிபர் இல்லத்திலை எத்தனை பேருக்கு இதைக் குடுக்கிறன் தெரியுமோ என்று சிரித்தாய். சுவர்ணா என் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் கொடுத்திருக்கமாட்டாள். நான் சொல்லவில்லை. குளிசையைப் பிளேட்டால் வெட்டினதும் நான்தான். நாற்பது வருடம் நில அளவைப் படம் கீறிய பழக்கம், இரண்டு பாதியும் சமமா என்று கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். அதன் பெயர் என்ன என்று மட்டும் பார்க்கவில்லை, பார்க்கவும் வழியில்லை. பாரம் குறைக்கவென்று போத்தல்களை எறிந்துவிட்டு, குளிசைகளைச் சின்னச் சின்னப் பைகளில் கொட்டி, மேலே சத்திக்கு, காய்ச்சலுக்கு, தலையிடிக்கு என்று பேனையால் எழுதி அனுப்பியிருந்தாய். மிச்சம் பிடித்த பாரத்தில் நாலு பெட்டி சொக்கிலேற் வந்தது.

நாலு மணிக்குப் பிள்ளையின் கழுத்து ஒரு பக்கமாக முறுகிக்கொண்டு போனது. கண் இரண்டும் மேலே போய் முகட்டைப் பார்த்தபடி நின்றன, நாக்கு வெளியே தள்ளியது. அறிவு தெளிவாக இருந்தது, அதுதான் கொடுமை, அப்பப்பா கழுத்து கழுத்து என்று என்னைக் கூப்பிட்டுக் குழறினாள். பக்கத்து வீட்டு நாகேஸ்வரி ஓடிவந்து, இது பொல்லாத பார்வை, மந்திரிக்கிற ஏரம்பரிட்டைக் கொண்டுபோய் நூல் கட்டுங்கோ என்றாள். உன் அம்மா திருநீற்றை எடுத்தாள். அரைமணித்தியாலம் இப்படியே போனது, படித்த மனிசன் நான் நடுவில் நின்றேன். நீங்கள் நூலைத் தேடிக்கொண்டு நில்லுங்கோ, நான் என்ரை பிள்ளையை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோறன் என்று கத்திவிட்டுச் சுவர்ணாதான் ஓட்டோவில் ஏறினாள். நானும் அம்மாவும் பின்னால் ஓடி ஏறினோம்.

அங்கே ஒரு பெண் டொக்டர், உன்னிலும் இளையவள், முதலில் கேட்டது என்ன மருந்து கொடுத்தனீங்கள் என்றுதான். உன் பையை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஐயா இதிலை இருக்கிறது வருத்தத்தின்ரை பேர், மருந்தின்ரை பேர் எங்கை என்றாள். தம்பி உனக்குப் போன் எடுத்த பிறகுதான், உன் மாமியாருக்குத் தலைச்சுற்றுக்கு எழுதிக் கொடுத்து மிஞ்சிய குளிசை என்று தெரிந்தது. ஊசி போட்டுக் கால்மணித்தியாலத்தில் கழுத்து நிமிர்ந்தது. உடனே நீ, சுகம் வந்திட்டுதுதானே, ஏன் பெரிசுபடுத்திறியள் என்றாய். பெரிசுபடுத்துகிறேன் பிள்ளை. டொக்டர் சொன்னாள், சில சத்திக் குளிசைகள் சின்னப்பிள்ளைகளை இப்படி முறுக்கிவிடுமாம், தண்ணீர்ச்சத்துக் குறைந்திருந்தால் இன்னும் கூடவாம். பெரியாளின் குளிசையைப் பாதியாக்கினால் அது பிள்ளைக்குரிய மருந்தாகாது, எந்த மருந்து, பிள்ளையின் நிறைக்கு எவ்வளவு என்று டொக்டர்தான் சொல்லவேண்டும் என்றாள். அநேகமான சத்திக்கு ஜீவனியே போதுமாம், சிறுநீர் போகாவிட்டால், பிள்ளை தூங்கி வழிந்தால், பச்சையாகவோ இரத்தமாகவோ எடுத்தால் வீட்டில் வைத்துக்கொண்டிராமல் கொண்டுவரச் சொன்னாள். உனக்கும் இதில் பாதியாவது தெரிந்திருக்கும். அங்கே ஒரு கிழவருக்குக் குளிசை கொடுக்க முன் பெயரும் அளவும் பார்த்துக் கையெழுத்து வைக்கிறாய். எங்களுக்கு ஒரு பை போதுமா?

இன்னும் முடியவில்லை. நாங்கள் வெளிக்கிட, டொக்டர் அம்மாவின் கையைக் கவனித்தாள். சித்திரையிலிருந்து அம்மாவின் வலது கை நடுங்குவதும் காலை இழுத்து நடப்பதும் உனக்குத் தெரியும், வயது போட்டுதுதானே என்று நீ சொன்னாய், நானும் ஓம் என்றேன். விசாரித்தால், மாசியிலிருந்து ஒவ்வொரு காலையும் தலைச்சுற்றுக்கென்று அதே பையிலிருந்து ஒன்று போட்டு வந்திருக்கிறாள், உன்னிடம் கேட்டுத்தானாம். சில நாளுக்கு உரியதை மூன்று மாதம். நடுக்கமும் அந்தக் குளிசையால் வந்திருக்கலாம், இண்டைக்கே நிப்பாட்டுங்கோ, மெல்ல மெல்லக் குறையவேணும், எவ்வளவு குறையும் எண்டு இப்ப சொல்லேலாது என்றாள் டொக்டர்.

வீட்டுக்கு வந்து, அம்மா தனியே எடுத்து வைத்திருந்த மிச்சக் குளிசையைக் கேட்டேன். தரமாட்டாளாம். பிள்ளை அனுப்பினது, பிள்ளை சொன்னால் நிப்பாட்டுறன் என்று சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கிறாள். இன்று காலையும் ஒன்று போட்டாள். பறிக்கத்தான் வேண்டும், கிட்டப் போனேன், நடுங்குகிற கையால் முடிச்சைப் பொத்திக்கொண்டாள், என்னால் முடியவில்லை. ஆகவே நீ வழக்கமாகப் போன் எடுக்கும் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திராமல் எடு. நான் அனுப்பினது பிழை அம்மா என்று உன் வாயால் சொல்லு. அப்பா சொல்லச் சொன்னவர் என்று சொல்லாதே, கேட்கமாட்டாள். முடிச்சை அவிழ்த்து என் கையில் தரும்வரை போனை வைக்காதே.

நீங்கள் இருவரும் நீண்டகாலம் சுகமாக வாழவேண்டும், கோபத்திலும் அதையே வேண்டுகிறேன். ஆடியில் வரும் ஜெரோசனிடம் மருந்து ஒன்றும் கொடுத்துவிடாதே. இங்கே இப்போது காலை பத்து மணி, உனக்கு நடுச்சாமம் என்று தெரியும். எழும்பி எடு.

உன் அப்பா
க. சீவரத்தினம்