தவழும் போட்டியும் றோஸ் பேசினும்

ஜூலை 17, வியாழன்

கச்சான் காற்று. முற்றமெல்லாம் மணல். காயப்போட்ட பிள்ளைத்துணியை இரண்டாம் முறை அலச வேண்டியதாயிற்று.

பாலர் பாடசாலையிலிருந்து தாள் வந்தது. சனிக்கிழமை கடற்கரை மைதானத்தில் விளையாட்டு விழா. இந்த முறை இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் வைக்கிறார்களாம். (அடுத்த வருடத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள், வேறென்ன.)

– தவழும் போட்டி. பிள்ளை பாயின் இந்தப் பக்கம், உம்மா அந்தப் பக்கம்.
– பணிஸ் துண்டு ஊட்டல்.
– வாப்பாமார் பிள்ளையைத் தோளில் வைத்து ஓடுதல்.

மூன்றாவதைப் பேனாவால் வெட்டினேன். இவர் கத்தாரில். தோளும் அங்கேதான்.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து தங்கச்சி நஸ்ரின்: "ராத்தா! நான் மூண்டுக்கும் பேர் குடுத்திட்டன். நீ?"

கொடுக்கத்தானே செய்வாள். புருஷன் றிஸ்விக்கு பேங்கில் வேலை, ஐந்தரைக்கெல்லாம் வீட்டில். மகள் மின்ஹாவுக்குப் பத்து மாதம், பல்லி மாதிரித் தவழ்கிறாள். என் அம்ஹருக்குப் பதினான்கு மாதம். தவழவே இல்லை. இருந்தபடியே குண்டியால் அரக்கி நகர்கிறான். "அதுவும் ஒரு வகதான், பயப்பட ஒண்டுமில்ல" என்று மிட்வைப் மிஸ் சொன்னார். எனக்குப் பயமில்லை. எரிச்சல்.

முதல் பரிசு பிள்ளை குளிப்பாட்டும் பேசின். றோஸ் நிறம். டீச்சர் வீட்டு ஜன்னலில் கண்டேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆண்களெல்லாம் ஜும்ஆவுக்குப் போன நேரம் அறையைப் பூட்டிக்கொண்டு பழக்கினேன். குப்புறக் கிடத்தினால் கத்துகிறான்.

கிலுகிலுப்பை: பார்க்கவில்லை.
பிஸ்கட்: இருந்த இடத்திலிருந்து கை நீட்டினான்.
டீவி ரிமோட்: வந்தான். அரக்கித்தான்.

பின்னேரம் மதிலுக்கு அப்பால் கைதட்டல். றிஸ்வி, மகளிடம். "வாங்க உம்மா, வாங்க! வாப்பாட்ட வாங்க!" பிறகு மூன்று பேருடைய சிரிப்பு. மூன்றாவது எங்கள் உம்மா. அவவும் அவள் வீட்டில்தான்.

இவர் வட்ஸ்அப்பில் வந்தார். போட்டியைச் சொன்னேன். "வெண்டா என்ன, தோத்தா என்ன, சின்னப் புள்ளதானே." சொல்வது சுகம். அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்.

எழுதிவைக்கிறேன், யாரும் பார்க்கப்போவதில்லை. பெரிய வீடு அவளுக்கு. உம்மா அவளிடம். புருஷன் பக்கத்தில். ஒரே ஒரு தடவை நான் வெல்ல வேண்டும். ஒரு பேசின், அவ்வளவுதான்.

பம்பர்ஸ் முடிகிறது. நாளைக்குத் தொப்பி, தண்ணீர்ப் போத்தல், ரிமோட். ரிமோட்டை மறக்கக் கூடாது.

ஜூலை 19, சனி

வெயில் மண்டையைப் பிளந்தது. மைக் காலை ஏழுக்கே தொடங்கிவிட்டது.

பாயில் ஆறு பிள்ளைகள். ஒன்று தூங்கிவிட்டது, ஒன்று திரும்பித் தன் சாச்சியிடம் போனது. அம்ஹர் ரிமோட்டைக் கண்டான். அரக்கினான், அரக்கினான், என் மகன் காற்சட்டை தேயத் தேய வந்தான்! பாதிப் பாய்வரை அவன்தான் முன்னுக்கு. பிறகு மின்ஹா. தலையைக் குனிந்துகொண்டு ஒரே போக்கு. முதலிடம்.

அம்ஹர் இரண்டாவதாக வந்தான். டீச்சர் மைக்கிலேயே: "குண்டியால வாறது தவழுற கணக்கில்ல." மைதானமே சிரித்தது. இடமில்லையாம். எங்கே எழுதியிருக்கிறது அப்படி? தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எழுதவில்லை.

மின்ஹாவைச் சுற்றி ஒரே கூட்டம். பக்கத்து வீட்டு பாயிஸா ராத்தா கன்னத்தைக் கிள்ளி, "மாஷா அல்லாஹ், என்ன கெட்டித்தனம்!" வந்தவர்களெல்லாம் மாஷா அல்லாஹ், கண் படாமலிருக்க. நான், "என்ன போக்குப் போறாள், எலிக்குஞ்சு மாதிரி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மாஷா அல்லாஹ் சொல்லவில்லை. உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா.

வாப்பாமார் ஓட்டத்துக்கு முன் நஸ்ரின் கிட்ட வந்து, "ராத்தா, அம்ஹரையும் ஒரு தோள்ல வெச்சு அவர் ஓடுறாராம். குடு கா."

"வேணாம். அவனுக்கு வெயில் ஒத்துக்காது."

அம்ஹர் றிஸ்வியைப் பார்த்துக் கை நீட்டினான். நான் அந்தக் கையை மடக்கிப் பிடித்துக்கொண்டேன்.

றிஸ்வி மகளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது மனதுக்குள் ஒன்று சொன்னேன். விழட்டும் என்றில்லை. ஆனால் அதற்குக் கிட்ட. எழுதக் கை வரவில்லை.

அம்ஹருக்கு: பங்குபற்றியதற்கு ஒரு தண்ணீர்ப் போத்தல். மூடி இறுகவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

மின்ஹாவுக்குக் காய்ச்சல். விடிந்ததிலிருந்து சிணுங்கல், பால் குடிக்கவில்லை, ஒரு தடவை சத்தியும் எடுத்தாள். டொக்டரிடம் காட்டினார்கள். காய்ச்சலுக்குப் பாணி மருந்து கொடுத்து, நாளையும் பார்ப்போம் என்றாராம்.

பாயிஸா ராத்தா மதிலடியில்: "காச்சலா? கண்ணூறு கா! ஊரே பாத்த புள்ள."

கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நல்லதைக் குப்பையிலும் தண்டைச் சட்டியிலும் போட்டிருக்கிறேன்.

ஜூலை 21, திங்கள்

காய்ச்சல் இறங்கவில்லை. அழுகை இங்கே சமையலறைவரை.

உம்மா காலையிலேயே போத்தலோடு இறங்கிவிட்டா. கண் பட்டதென்று நினைத்தால் இங்கே செய்வதுதான். பிள்ளையை மெச்சிய ஆட்கள், தொழுகைக்குக் கைகால் முகம் கழுவுவதுபோல வுழூச் செய்து, அந்தத் தண்ணீரைப் பிடித்துக் கொடுப்பார்கள். அதைப் பிள்ளையின் தலையில் ஊற்றுவது. கேட்டால் கொடுக்க வேண்டும், கோபிக்கக் கூடாது. யாரும் கோபிக்கவில்லை. பாயிஸா ராத்தா கொடுத்தா. டீச்சர் கொடுத்தா. மூன்றாம் வீடு, முனை வீடு, எல்லாம்.

எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

பதினொரு மணிபோல மதிலடியில் பாயிஸா ராத்தாவின் குரல்: "உன்ட ராத்தாட்டயும் ஒரு சொட்டு வாங்கன் புள்ள. அவவும் அங்கதானே நிண்ட."

நஸ்ரின்: "அவட்ட என்னத்துக்கு? அவ என்ட புள்ளைக்குப் பெத்த தாய் மாதிரி. அவட கண்ணு படுமா?"

உம்மா அங்கேதான் இருந்தா. போத்தல் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது.

அவர்கள் கேட்டு நான் கொடுப்பதில் வெட்கமில்லை. கேட்காமல் கொண்டுபோனால் என் கண்தான் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். பிறகு காலம் முழுக்க அவள் மனதில் இருக்கும். கொண்டுபோகாவிட்டால், அந்தப் பிள்ளை... பிள்ளை என்ன செய்தது எனக்கு? தவழ்ந்தது.

லுஹர் தொழுகைக்கு வுழூச் செய்யும்போது கீழே சட்டியை வைத்தேன். கை, வாய், முகம், கால். வாயை மூன்று தரம் கொப்பளித்தேன். மாஷா அல்லாஹ் சொல்லாத வாய்.

சட்டியோடு மதிலில் விட்டிருக்கும் கடப்பு வழியால் போனேன். நஸ்ரின் மகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அந்த றோஸ் பேசின் பக்கத்தில்.

"என்ன ராத்தா இது?"

"தண்ணி. என்ட."

என்னைப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள். உம்மாதான் எழும்பி வந்து சட்டியை வாங்கி, பேசினுக்குள் ஊற்றினா. நஸ்ரின் முழங்கையால் சூடு பார்த்தாள். பிறகு பிள்ளையை இருத்தி, கையால் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றினாள். பிள்ளை அழுதது. நானும் அழுதேன். அவள் அழவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

காற்று அடங்கியிருக்கிறது. அடுப்புக்கு கேஸ் முடிந்துவிட்டது, ஆள் அனுப்ப வேண்டும்.

காலையில் மதிலுக்கு மேலால் பாயிஸா ராத்தா: "காச்சல் உட்டுட்டாம். மேல் பல்லு ரெண்டு கிழிச்சிட்டு வந்திரிக்காம். டொக்டர் செல்லிட்டார், பல்லுக் காச்சலாம்!"

பல்லு.

அல்ஹம்துலில்லாஹ். முதலில் அதுதான் வந்தது, அல்லாஹ் அறிய. அதற்கு அடுத்தது: அப்படியென்றால் நான் ஏன் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்? ஒரு நாள் பொறுத்திருந்தால் ஒரு குஞ்சுக்கும் தெரிந்திருக்காது. மூன்றாவது, இதையும் எழுதிவிடுகிறேன்: அம்ஹருக்கு மேல் பல் பதின்மூன்று மாதத்தில்தான் வந்தது. இவளுக்குப் பத்தில்.

திருந்தாத சென்மம்.

பத்து மணிபோல நஸ்ரினே கடப்பால் வந்தாள். மின்ஹா இடுப்பில். முகத்தில் ஒன்றும் இல்லை, வழக்கம்போல. அம்ஹர் ரிமோட்டை நீட்டினான், மின்ஹா வாங்கி வாய்க்குள் வைத்தாள்.

"பாரு ராத்தா," என்று பிள்ளையின் மேலுதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள். அரிசிக் குருணை மாதிரி இரண்டு.

"மாஷா அல்லாஹ்," என்றேன். சத்தமாக.

அவள் பிள்ளையின் பல்லைக் காட்டிக்கொண்டு, நான் சொல்லி முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.