கவிழ்த்து வைத்த கூடை

திருமலைராயன்பட்டினம்,
வெள்ளிக்கிழமை.

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினரும் என் வீட்டுக்காரியுமான மலர்க்கொடிக்கு,

கண்ணையன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் நீ விதி, உட்பிரிவு என்று ஆரம்பித்தால் நான் வாயே திறக்க முடிவதில்லை. அதனால்தான் எழுதி, நம் படகில் வேலை பார்க்கும் கருப்பையனிடம் கொடுத்து அனுப்புகிறேன். இதில் நீ குறுக்கே பேச முடியாதே!

நம் நந்தினிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. டிவியில் அம்மா வந்தால்தான் கஞ்சி குடிப்பேன் என்று அடம். உன் மகள்தானே, வேறெப்படி இருப்பாள்? மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிக்கிறேன்.

நேற்று போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நம் பெண்கள் கருவாடு காயவைக்கிற மணலைக் ‘காலியிடம்’ என்று நீ இருக்கும் சட்டமன்றக் குழுவின் அறிக்கையில் எழுதி, ஐஸ் பிளான்ட் கட்டக் கொடுக்கப் போகிறார்கள். உன் மறுப்பை எழுத்தில் சேர்க்கச் சொன்னால், வாயால் சொன்னதே போதும் அம்மா என்கிறாராம் குழுத் தலைவர். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உறுப்பினரின் உரிமையை இவர் என்ன பிச்சையா போடுகிறார்?

ஆனால் திங்கட்கிழமை கூட்டத்தில் குழுவை விட்டே விலகிவிடுவேன் என்றாயே, அது மட்டும் வேண்டாம் மலர்.

காலையில் அந்த மணலுக்குப் போனேன். காலியிடம் என்று காட்ட அவர்கள் வந்து போட்டோ எடுத்ததும் இதே மாதிரி ஒரு தடைக்காலத்தில்தான். யாரும் கடலுக்குப் போகாதபோது எந்த மீன் காயும்? ஆனால் அவரவர் இடத்தில் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தானே வருவீர்கள். கூடை கவிழ்ந்திருந்தால் ஆள் திரும்பி வருவாள் என்று அர்த்தம், இன்னொருத்தி அங்கே கால் வைக்க மாட்டாள். நீ ஜெயித்துப் போனதிலிருந்து உன் கூடையும் அப்படியே கிடக்கிறது. காற்றில் உருண்டால் பக்கத்து இடத்துக்காரி கனகவல்லி எடுத்துப் பழையபடி வைக்கிறாளாம்.

நீ எழுந்து வந்துவிட்டால் உன் நாற்காலியையும் காலியிடம் என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் ‘ஒருமனதாக’ என்று ஒரு வார்த்தை போட்டால் கதை முடிந்தது. சண்டை போடு, கத்து, மனு மேல் மனு கொடு. ஆனால் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காதே.

கருப்பையன் கொண்டுவருவது உன் கூடையைத்தான். உள்ளே புளிச்சோறும் நெத்திலி வறுவலும் இருக்கின்றன. அவனுக்கும் கொடுத்துச் சாப்பிடு. பிறகு கூடையைக் கூட்டத்துக்கு எடுத்துப் போய் உன் நாற்காலிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வை. இரண்டு தடவை கழுவியும் கருவாட்டு வாடை போகவில்லை. அடிக்கட்டும், தலைவரும் கொஞ்சம் மோந்து பார்க்கட்டும்.

கூடையை எடுத்துவிட்டால் அம்மா இடம் என்னாகும் என்று நந்தினி கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் தன் டிபன் கூடையைக் கொண்டுபோய் அங்கே கவிழ்த்துவிட்டு வந்துவிட்டாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நீயே வந்து அதை எடுத்துக் கொடுக்க வேண்டுமாம்.

வீட்டிலும் உன் தலையணையை யாரும் நகர்த்தவில்லை. ஜெயித்துவிட்டு வா, தோற்றாலும் வா.

உன்,
கண்ணையன்